செயலி வண்டியில் ஏறுவது யார்? தனிச்சவாரி, பகிர்சவாரி பற்றி ஓர் எளிய விளக்கம்

நகரத்து நெரிசலைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஓலா, ஊபர், ரேபிடோ ஆகிய பெயர்கள் சீக்கிரமே வந்துவிடும். கூடவே இரண்டு தீர்ப்புகளும் வந்துவிடும். ஒன்று, “இவை கையில் காசு புரளும் இளைஞர்களுக்கான வசதி.” இன்னொன்று, “நாலு பேர் ஒரே வண்டியில் பகிர்ந்து போனால் நெரிசல் தானாகக் குறைந்துவிடும்.” இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்த அரைகுறைச் சித்திரத்தை நம்பித்தான் வரி போடு, தடை செய், பர்மிட் கொடுக்காதே என்கிற கோரிக்கைகள் எழுகின்றன. அவை நிறைவேறும்போது அடி வாங்குபவர், அந்தப் பேச்சில் ஒரு முறைகூடக் குறிப்பிடப்படாத ஒருவராக இருந்துவிடுகிறார். அவர் யார் என்று தெரிய வேண்டுமானால் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

கைப்பேசிச் செயலியில் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் குறித்தால், பக்கத்தில் இருக்கும் ஓட்டுநரைத் தேடிப்பிடித்து அனுப்பி, கட்டணத்தையும் முன்கூட்டியே காட்டிவிடும் ஏற்பாட்டை இந்தக் கட்டுரை முழுவதும் ‘செயலிச் சவாரி’ என்று அழைக்கிறேன். ஊபர் 2010-இல் சான் பிரான்சிஸ்கோவில் வண்டி விடத் தொடங்கியது. ஓலா அதே ஆண்டின் கடைசியில் இந்தியாவில் தொடங்கப்பட்டது. வரும் வண்டி காராக இருக்கலாம், ஆட்டோவாகவும் பைக்காகவும் இருக்கலாம். வண்டி பெரும்பாலும் ஓட்டுநருடையது அல்லது அவர் வாடகைக்கு எடுத்தது. நிறுவனம் செய்வது சவாரியையும் ஓட்டுநரையும் சேர்த்துவைக்கும் வேலை.

வண்டி முழுவதும் உங்களுக்கும் உங்களுடன் வருபவர்களுக்கும் மட்டும் என்றால் அது தனிச்சவாரி. அதே திசையில் போகும் முன்பின் தெரியாத இன்னொருவரையும் வழியில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்து, அதற்காகக் கட்டணத்தில் தள்ளுபடி வாங்கிக்கொண்டால் அது பகிர்சவாரி. 2014 ஆகஸ்டில் ஊபரும் அதன் போட்டியாளரான லிஃப்ட்டும் சான் பிரான்சிஸ்கோவில் இதை அறிமுகப்படுத்தின. 2015-இல் ஊபரும் ஓலாவும் இந்திய நகரங்களுக்குக் கொண்டுவந்தன. 2020 மார்ச்சில் கொரோனா வந்து இதை உலகெங்கும் நிறுத்திவைத்தது.

நம் ஊர் ஷேர் ஆட்டோ மூன்றாவது வகை. அதுவும் பகிர்ந்து போவதுதான். ஆனால் அதற்குச் செயலி கிடையாது, பாதை நிரந்தரம், கட்டணம் தலைக்கு இவ்வளவு. இதையும் செயலிப் பகிர்சவாரியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு முறை ஏறியவரும் நித்தம் ஏறுபவரும்

தெருமுனையில் ஒரு மெஸ் இருக்கிறது. அங்கே சாப்பிடுவது யார் என்று தெருவில் வீடு வீடாகக் கேட்டால், கேஸ் தீர்ந்துபோன நாளிலோ வீட்டில் உடம்பு சரியில்லாத நாளிலோ ஒரு முறையாவது வாங்கிச் சாப்பிட்டதாக எல்லோரும் சொல்வார்கள். மெஸ் நடத்தும் அம்மாவிடம் கேட்டால், மாதக் கணக்கு வைத்திருக்கும் பத்துப் பதினைந்து பேரைத்தான் சொல்வார். அடுப்பு எரிவது அவர்களால். ஒரே கேள்வி, இரண்டு பதில்கள், இரண்டும் உண்மை.

செயலிச் சவாரியிலும் இப்படித்தான். ‘எத்தனை பேர் எப்போதாவது ஏறியிருக்கிறார்கள்?’ என்பது ஒரு கேள்வி. இதைப் பரவல் என்போம். ‘நேற்று ஓடிய சவாரிகள் யாருடையவை?’ என்பது வேறு கேள்வி. ஆய்வுகளில் பெரும்பாலும் முதல் கேள்வி கேட்கப்படுகிறது. பேச்சில் அது இரண்டாவதன் பதிலாக மாறிவிடுகிறது.

பரவலுக்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்புகள். 2015-இல் அங்கே வயதுவந்தோரில் 15 விழுக்காட்டினர் செயலிச் சவாரியைப் பயன்படுத்தியிருந்தார்கள். 2018-இல் அது 36 விழுக்காடாக உயர்ந்தது. அந்த 2018 கணக்கைப் பிரித்துப் பார்த்தால் 18 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் 51 விழுக்காடு, 50 வயதைத் தாண்டியவர்களில் 24 விழுக்காடு. ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் வருமானமுள்ள வீட்டாரில் 53 விழுக்காடு, 30,000 டாலருக்குக் கீழே 24 விழுக்காடு. இளைஞர், படித்தவர், வசதியானவர், நகரவாசி என்கிற சித்திரம் இங்கிருந்துதான் வருகிறது. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான்.

இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்களில் முக்கியமானவர் ஆன் பிரௌன் என்கிற போக்குவரத்து ஆய்வாளர். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் லிஃப்ட் வண்டிகள் ஓடிய சவாரிகளின் பதிவுகளையே எடுத்து ஆராய்ந்து 2018-இல் அவர் வெளியிட்ட முடிவுகள் அந்தச் சித்திரத்தை அசைத்தன. அந்த வட்டாரத்து மக்கள்தொகையில் 99.8 விழுக்காட்டினர் வாழும் பகுதிகளுக்கு வண்டி போயிருந்தது. பெரும்பாலானவர்கள் எப்போதாவது ஒரு முறை ஏறுபவர்கள். மொத்தச் சவாரிகளில் பெரும்பகுதி, அடிக்கடி ஏறும் ஒரு சிறு கூட்டத்தினுடையது. இன்னொன்று, வீட்டில் கார் இல்லாதவர்கள் அதிகம் வாழும் பகுதிகளுக்கும் செயலிச் சவாரிக்கும் வலுவான தொடர்பு இருந்தது. கார் வைத்திருப்பவர் கூடுதல் சொகுசுக்காக ஏறுவது ஒரு பக்கம் என்றால், கார் வாங்கவே முடியாதவர் வாரத்தில் ஓரிரு முறை காரின் பயனை வாடகைக்கு வாங்குவது மறுபக்கம்.

அதே ஆய்வில் என்னை மிகவும் பாதித்த பகுதி டாக்சிகளைப் பற்றியது. வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் கறுப்பினப் பயணிகளின் டாக்சி அழைப்பு ரத்தாகும் வாய்ப்பு 73 விழுக்காடு அதிகமாக இருந்தது. வண்டி வந்தாலும் 6 முதல் 15 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. செயலிச் சவாரியில் அந்த இடைவெளி பெருமளவு மறைந்துவிட்டது. பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆனாலும் கைகாட்டி நிறுத்த முடியாத ஒருவருக்கு வண்டி நிற்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

சென்னையில் இதற்கு நெருக்கமான கதை ஆட்டோ மீட்டருடையது. 2013 ஆகஸ்டில் தமிழக அரசு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று கட்டணம் நிர்ணயித்தது. டீசல், பெட்ரோல் விலை ஏறியும் அந்தக் கட்டணம் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தது. ஓட்டுநர்கள் மீட்டரைக் கைவிட்டார்கள், அவர்கள் பக்கத்து நியாயத்தையும் மறுக்க முடியாது. ஸ்டாண்டில் பேரம்தான் கட்டணம் என்றானது. பேரத்தில் தோற்பவர் யார்? ஊருக்குப் புதியவர், தமிழ் தெரியாதவர், இரவு பத்து மணிக்குத் தனியாக நிற்கும் பெண், கைக்குழந்தையும் பையுமாக நிற்பவர். கட்டணம் முன்கூட்டியே திரையில் தெரிகிறது என்கிற ஒரே காரணத்துக்காகச் செயலிக்கு மாறியவர்களில் இவர்களே முன்வரிசை. இவர்களைச் சொகுசு தேடுபவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பதிவில் இருக்கும் பெயர் கைப்பேசிக்குச் சொந்தக்காரருடையது. ஏறுபவர் அவருடைய அம்மாவாக இருக்கலாம். கோயம்புத்தூரிலிருந்து மகன் பதிவு செய்து, ஓட்டுநரிடம் பேசி, நான்கு இலக்க எண்ணை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்ல, தாம்பரத்தில் எழுபது வயதுக்காரர் ஆட்டோவில் ஏறுகிறார். புள்ளிவிவரத்தில் அது முப்பத்தைந்து வயது ஆணின் சவாரி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், பரவலை எடுத்தால் இளைஞர்களும் வசதியுள்ளவர்களும் முன்னால் நிற்கிறார்கள். சவாரிகளை எண்ணினால் சொந்த வண்டி இல்லாதவர்களும் வேறு வழி அடைபட்டவர்களும் முன்னுக்கு வருகிறார்கள். ‘பயன்படுத்துவோர்’ என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கு என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

ஆளைவிட வேளை முக்கியம்

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஒரு நண்பகல் நின்று பாருங்கள். எதிரே மின்சார ரயில், கீழே மெட்ரோ, வாசலிலேயே மாநகரப் பேருந்து. நகரத்தில் இதைவிடப் பேருந்து, ரயில் வசதி உள்ள இடம் கிடையாது. அங்கேதான் எக்ஸ்ரே உறையைத் தலைக்கு மேல் பிடித்து வெயிலை மறைத்தபடி ஒருவர், வரப்போகும் ஆட்டோவின் கடைசி நான்கு எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டு சாலையைப் பார்ப்பார். பக்கத்தில் நடைபாதை விளிம்பில் கால்கட்டுடன் அவருடைய மனைவி உட்கார்ந்திருப்பார். காலையில் அவர்கள் பேருந்தில் வந்தவர்களாகவே இருக்கலாம். போகும்போது மாவுக்கட்டு இருக்கிறது, படி ஏற முடியாது. காலையில் பேருந்துப் பயணிகளாக இருந்தவர்கள் நண்பகலில் செயலிச் சவாரிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். வருமானம் மாறவில்லை, வயது மாறவில்லை, அந்த ஒரு பயணத்தின் நிலைமை மட்டும் மாறியிருக்கிறது.

எனவே மனிதர்களை ‘கார்காரர்’, ‘பஸ்காரர்’, ‘செயலிக்காரர்’ என்று பிரித்து வைப்பது அவ்வளவாக உதவாது. மழை, மூட்டை, கடைசி ரயில் போய்விட்ட இரவு, புடவை கட்டிக்கொண்டு போக வேண்டிய முகூர்த்தம், பார்க்கிங் கிடைக்காத தியாகராய நகர், மது அருந்தியதால் வண்டி ஓட்டக் கூடாத நிலை என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நெருக்கடி உண்டு. செயலிச் சவாரி நிரப்புவது அந்த இடுக்குகளை.

அப்படியானால் அடுத்த கேள்வி: இந்த வண்டி வந்திராவிட்டால் அவர்கள் எப்படிப் போயிருப்பார்கள்? ஒரு போக்குவரத்து முறை இன்னொன்றின் இடத்தைப் பிடிப்பதைப் பதிலீடு என்பார்கள். யார் ஏறுகிறார் என்பதைவிட எதிலிருந்து இறங்கி இதில் ஏறுகிறார் என்பதே நகரத்துக்கு முக்கியம்.

2014-இல் சான் பிரான்சிஸ்கோவில் பயணிகளிடம் நேரடியாகக் கேட்ட ஓர் ஆய்வில், செயலி இல்லாவிட்டால் டாக்சியில் போயிருப்போம் என்றவர்கள் 39 விழுக்காடு. பேருந்திலோ ரயிலிலோ போயிருப்போம் என்றவர்கள் 33 விழுக்காடு. போயிருக்கவே மாட்டோம் என்றவர்கள் 8 விழுக்காடு. 2017-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் ஏழு அமெரிக்கப் பெருநகர்களை வைத்துக் கணக்கிட்டபோது, 49 முதல் 61 விழுக்காடு வரையிலான சவாரிகள் நடையிலோ சைக்கிளிலோ பொதுப் போக்குவரத்திலோ நடந்திருக்கும், அல்லது நடந்தே இருக்காது என்று தெரிந்தது. அதே ஆய்வில் நகரப் பேருந்துக்குப் பயணிகள் குறைந்தார்கள். புறநகர் ரயிலுக்கோ சற்றுக் கூடினார்கள், ஸ்டேஷன்வரை போய்ச்சேர வண்டி கிடைத்ததால். பேருந்துக்குப் போட்டியாகவும் ரயிலுக்குத் துணையாகவும் ஒரே சேவை ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

பகிர்சவாரியின் உள்ளே என்ன நடக்கிறது

இனி ஷேர் ஆட்டோவுக்கு வருவோம். வேளச்சேரி விஜயநகரிலோ ராஜீவ் காந்தி சாலையில் எஸ்.ஆர்.பி. டூல்ஸ் நிறுத்தத்திலோ நின்றால், ஓட்டுநர் ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கிக் கூப்பிடுவார். ஏறியவர்கள் உள்ளே தள்ளித் தள்ளி உட்கார்வார்கள். வண்டி நிரம்பும்வரை நகராது. சில்லறை பின்னிருக்கையிலிருந்து கைமாறி முன்னால் போகும், மீதி அதே வழியில் திரும்பி வரும். இறங்க வேண்டியவர் “அண்ணா, சிக்னல்கிட்ட” என்று குரல் கொடுத்தால் போதும். இங்கே பயணிகள்தான் பாதைக்கு வருகிறார்கள். நீங்கள் சாலைக்கு நடந்து வருவீர்கள், சாலையில் இறங்கி வீட்டுக்கு நடப்பீர்கள். அதனால் ஒருவருக்காக இன்னொருவர் சுற்ற வேண்டியதில்லை.

செயலிப் பகிர்சவாரி இதைத் தலைகீழாக்குகிறது. பாதை பயணிகளிடம் போகிறது. ஒவ்வொருவரையும் வாசலில் ஏற்றி வாசலில் இறக்க முயல்கிறது. அதற்காகக் கணினி நொடிக்கு நொடி ஒரு கேள்விக்கு விடை தேடுகிறது: இப்போது வண்டி கேட்டிருப்பவர்களில் யாரை யாரோடு சேர்த்தால், இருவருக்கும் தாமதம் சகிக்கத்தக்கதாக இருக்கும்? இந்தச் சேர்த்துவைப்பை இணைப்பு என்போம். இணைப்பு நடக்க மூன்று பொருத்தங்கள் தேவை. இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கேட்டிருக்க வேண்டும். புறப்படும் இடங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். போகும் திசை ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதும் இன்னொருவருக்காகச் சற்று விலகிப் போக நேரும். அந்தக் கூடுதல் தூரத்துக்குச் சுற்று என்று பெயர் வைத்துக்கொள்வோம். சுற்று அதிகமானால் தள்ளுபடிக்கு அர்த்தமில்லாமல் போகும்.

இந்த மூன்று பொருத்தமும் கூட்டத்தில்தான் கூடிவரும். நியூயார்க் டாக்சிப் பதிவுகளை வைத்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, நான்கு பேர் அமரும் 3,000 கார்கள், நகரத்தின் 13,000-க்கும் மேற்பட்ட டாக்சிகள் சுமந்த தேவையில் 98 விழுக்காட்டைச் சராசரியாக 2.7 நிமிடக் காத்திருப்பில் நிறைவேற்றிவிட முடியும். கேட்பதற்கு மாயம்போல இருக்கும். ஆனால் அது மன்ஹாட்டன், தேவை அடுக்கடுக்காகக் குவிந்திருக்கும் ஒரு குறுகிய தீவு. தவிர, அந்தக் கணக்கில் எல்லோரும் பகிர ஒப்புக்கொள்கிறார்கள். கணினியால் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. மனிதர்கள் ஒப்புவார்கள் என்பதற்குச் சான்று இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல்தான் ‘பகிர்ந்தால் கார்கள் காணாமல் போகும்’ என்று மேடைகளில் பேசப்படுகிறது.

உண்மை உலகத்தில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டும் ஊர் சிகாகோ. செயலி நிறுவனங்களிடமிருந்து 2018 நவம்பர் முதலான சவாரிகளின் பதிவுகளை வாங்கி அந்த மாநகராட்சி பொதுவில் வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு சவாரிக்கும் இரண்டு தகவல்கள் தனித்தனியாக உண்டு. பயணி பகிரச் சம்மதித்தாரா என்பது ஒன்று, உண்மையில் வேறொருவருடன் சேர்க்கப்பட்டாரா என்பது மற்றது. சம்மதம் கொடுத்தும் தனியாகவே போய்ச்சேர்ந்தவர்கள் உண்டு. அப்போது பயணிக்குத் தள்ளுபடியும் கிடைத்தது, வண்டியும் தனியாகக் கிடைத்தது. சாலைக்கு ஒரு கார்கூட மிச்சமாகவில்லை. ‘பகிர்சவாரி’ என்று பதிவாவது எல்லாம் பகிர்ந்த சவாரி அல்ல.

அந்தத் தள்ளுபடியின் செலவை நிறுவனம் தன் முதலீட்டாளர்களின் பணத்திலிருந்து தாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பணம் வற்றும்போது பகிர்சவாரியும் வற்றும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக: ஷேர் ஆட்டோவில் பயணிகள் பாதைக்கு வருகிறார்கள், செயலிப் பகிர்சவாரியில் பாதை பயணிகளிடம் வருகிறது. இரண்டாவது ஏற்பாடு ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நிறையப் பேர் கேட்டால் மட்டுமே பலிக்கும்.

யார் பகிர ஒப்புகிறார்கள்

பகிர்வது ஒரு கொடுக்கல் வாங்கல். நேரத்தைக் கொடுத்துப் பணத்தை மிச்சம் பிடிக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த ஒருவர் எவ்வளவு பணம் தரத் தயார் என்பதைப் பொருளாதாரத்தில் நேரத்தின் மதிப்பு என்பார்கள். கணக்குக்காக ஒரு சவாரியை வைத்துக்கொள்வோம். பகிர்ந்தால் 60 ரூபாய் மிச்சம், 15 நிமிடம் தாமதம். மணிக்கு 240 ரூபாய் என்றாகிறது. மாதம் 200 மணி நேர வேலைக்கு 48,000 ரூபாய் சம்பளம் வாங்குபவரின் ஒரு மணிக் கூலியும் அதேதான். அவருக்கு இரண்டும் சமம். 20,000 ரூபாய் வாங்குபவரின் 15 நிமிடக் கூலி 25 ரூபாய்தான் என்பதால் பகிர்வது அவருக்கு லாபம். ஒன்றரை லட்சம் வாங்குபவருக்கு நஷ்டம்.

இந்தக் கணக்கை உறுதிசெய்யும் தடயங்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வில் வருமானம் குறைந்த பகுதிகளில் வாழ்பவர்கள் பகிர்சவாரியை அடிக்கடி நாடினார்கள். சிகாகோப் பதிவுகளை ஆராய்ந்தவர்களும் வசதி குறைந்த பகுதிகளில் பகிரும் சம்மதம் அதிகம் என்று கண்டார்கள்.

ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால் மீண்டும் ஒரு பொய்ச் சித்திரம்தான் மிஞ்சும். ஏழையின் நேரம் எப்போதும் மலிவு என்பது சரியில்லை. ராஜீவ் காந்தி சாலையின் அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவுப் பணி செய்யும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி ஷிப்டுக்குப் பதினைந்து நிமிடம் தாமதமானால் மேற்பார்வையாளர் அரை நாள் சம்பளத்தை வெட்டிவிடுவார். அந்தக் காலை வேளையில் அவருடைய பதினைந்து நிமிடம், அதே கட்டடத்தின் மேல்மாடியில் பத்தரை மணிக்கு மெதுவாக வந்து உட்காரும் பொறியாளரின் பதினைந்து நிமிடத்தைவிட விலை உயர்ந்தது. பேருந்து தவறிவிட்டால் அவர் தனியாக ஆட்டோ பிடித்துத்தான் ஆக வேண்டும், அன்றைய கூலியில் பாதி போனாலும். பொறியாளரோ பகிர்ந்து வரலாம். கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதும் வருமானத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

கணக்கில் அடங்காத இன்னொன்று, பக்கத்தில் உட்காரப்போவது யார் என்பது. லாஸ் ஏஞ்சலிஸில் பல இனத்தவர் கலந்து வாழும் பகுதிகளில் பகிர்வது குறைவாக இருந்தது. அன்னியரோடு ஒரு காரின் பின்னிருக்கையில் அமரும் தயக்கம் அங்கே இனத்தின் வழியாகவும் வந்தது. நம் ஊரில் அது பெரும்பாலும் பாலினத்தின் வழியாக வருகிறது. ஷேர் ஆட்டோவில் பத்துப் பேருக்கு நடுவே நிம்மதியாக உட்கார்ந்து வரும் ஒரு பெண், கண்ணாடி ஏற்றிய காரில் ஓர் ஓட்டுநரும் ஒரு முன்பின் தெரியாத ஆணும் மட்டும் இருக்கும் பயணத்துக்குத் தயங்குவார். கூட்டம் அவருக்குப் பாதுகாப்பு. கார் வசதியானதுதான், ஆனால் அதில் சாட்சி கிடையாது. வாசலில் இறக்கிவிடும் வசதியே இங்கே குறையாகவும் ஆகிறது, கூட வருபவருக்கு வீடு தெரிந்துவிடும் என்பதால். 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட செயலி வண்டிகளுக்கான வழிகாட்டு நெறிகளில், பெண்கள் விரும்பினால் பெண்களுடன் மட்டும் பகிரும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று சேர்த்தது இதை உணர்ந்துதான். நல்ல விதி. ஆனால் இணைப்புக்கான மூன்று பொருத்தங்களுடன் நான்காவது ஒன்றும் சேரும்போது பொருந்துபவர்களின் எண்ணிக்கை இன்னும் சுருங்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டமும் ஒரு தடை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வாடகைப் பயணி வண்டிகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு தரப்பு மொத்தமாக அமர்த்திக்கொண்டு இடையில் யாரையும் ஏற்றாமல் போவது ஒப்பந்த ஊர்தி, அதாவது டாக்சியும் ஆட்டோவும். ஆளுக்குத் தனித்தனிக் கட்டணம் வாங்கி வழியில் ஏற்றி இறக்குவது நிறுத்த ஊர்தி, அதாவது பேருந்து. பகிர்சவாரி டாக்சி பர்மிட்டில் பேருந்தின் வேலையைச் செய்கிறது. இதைக் காட்டித்தான் 2017 தொடக்கத்தில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை ஓலா, ஊபரின் பகிர்சவாரிகளை நிறுத்தச் சொன்னது. சென்னையில் ஷேர் ஆட்டோக்கள் எல்லோருக்கும் தெரிந்தே ஓடிக்கொண்டும், அவ்வப்போது பிடிபட்டு அபராதம் கட்டிக்கொண்டும் இருப்பதற்கும் இதே சட்டப்பிரிவுதான் காரணம்.

நெரிசல் குறையுமா? ஒரு சின்னக் கணக்கு

ஓட்டுநர் ஒரு சவாரியை இறக்கிவிட்டு அடுத்ததை ஏற்றும்வரை பயணி இல்லாமல் ஓடும் தூரத்தைக் காலி ஓட்டம் என்போம். இதைச் சேர்க்காமல் போடும் எந்தக் கணக்கும் தவறு.

இரண்டு பேர், ஆளுக்கு 8 கிலோமீட்டர் பயணம், ஒவ்வொரு சவாரிக்கும் 4 கிலோமீட்டர் காலி ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் போனால் 12-உம் 12-உம், மொத்தம் 24 கிலோமீட்டர். இருவரும் பகிர்ந்தால் சுற்றுடன் சேர்த்து 11, காலி ஓட்டம் 4, ஆக 15. ஒன்பது கிலோமீட்டர் மிச்சம். பகிர்சவாரியின் ஆதரவாளர்கள் காட்டுவது இதை.

இப்போது அந்த இரண்டாமவர், பகிர்சவாரியின் மலிவு விலையைப் பார்த்துப் பேருந்திலிருந்து இறங்கி வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு சாலையில் ஓடியது முதல் ஆளின் 12 கிலோமீட்டர் மட்டும், பேருந்து எப்படியும் ஓடப்போகிறது. இப்போது 15. பகிர்ந்த பிறகு மூன்று கிலோமீட்டர் கூடிவிட்டது. இருவருமே பேருந்திலிருந்து வந்தவர்கள் என்றால் பூஜ்யமாக இருந்தது 15 ஆகிறது.

ப்ரூஸ் ஷாலர் என்கிற போக்குவரத்து ஆய்வாளர் 2018-இல் அமெரிக்கப் பெருநகர்களுக்குச் செய்த கணக்கில் இதுதான் வெளிவந்தது. சொந்தக் கார் ஓட்டம் ஒரு மைல் குறையும் இடத்தில், தனிச்சவாரி 2.8 மைல் கார் ஓட்டத்தைச் சாலையில் சேர்க்கிறது. பகிர்சவாரியையும் சேர்த்துக்கொண்டால் 2.6. பகிர்ந்தும் பெரிதாகக் குறையவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2010-க்கும் 2016-க்கும் இடையே கூடிய போக்குவரத்துத் தாமதத்தில் ஏறக்குறைய பாதி செயலிச் சவாரிகளால் வந்தது என்று அந்நகரப் போக்குவரத்து ஆணையமும் 2018-இல் சொன்னது.

பகிர்தல் மட்டுமே நெரிசலைக் குறைத்துவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. தனிக்காரில் போயிருக்கக்கூடியவர் பகிர்ந்தால் நன்மை. பேருந்துக்காரர் பகிர்ந்தால், அவருக்கு நன்மை, சாலைக்குச் சுமை. அவர் பேருந்தைவிட்டு வந்ததற்குக் குற்றம் சொல்லி என்ன பயன்? நாற்பது நிமிடம் வராத பேருந்துக்காக நிற்பவரிடம் நெரிசலைப் பற்றிப் பாடம் எடுப்பது நியாயமில்லை.

இன்றைய நிலை

கொரோனாவுக்குப் பிறகு பகிர்சவாரி பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. ஊபர் 2022-இல் அமெரிக்காவில் வேறு பெயரில் மீண்டும் தொடங்கியது. லிஃப்ட் 2023-இல் முற்றாகக் கைவிட்டது.

இந்திய நகரங்களில் அந்த இடத்தைப் பைக் டாக்சி பிடித்துக்கொண்டது என்பது என் கணிப்பு. தனிச்சவாரி என்றால் விலை அதிகம், பகிர்சவாரி என்றால் மலிவு என்கிற அடிப்படையையே அது உடைத்துவிட்டது. பைக்கின் பின்னால் ஒருவர்தான், ஆக அது தனிச்சவாரி. ஆனாலும் காரைப் பகிர்வதைவிட மலிவு. யாருக்காகவும் சுற்ற வேண்டாம், நெரிசலில் இடுக்குப் புகுந்து முன்னதாகவும் போய்விடலாம். இழப்பது பாதுகாப்பையும் மழைக்கு ஒதுங்கும் கூரையையும். மூத்தவர்களும் குழந்தையோடு போகிறவர்களும் இதில் ஏற முடியாது, பெண்கள் பலர் ஏறத் தயங்குகிறார்கள். மலிவு விலைச் சேவை இப்போது ஒற்றையாளாக, திடகாத்திரமாக, பெரும்பாலும் ஆணாக இருப்பவருக்கு எளிதாகியிருக்கிறது.

பெண்கள் பக்கம் நடந்த மாற்றம் வேறு. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. விடியல் பயணம் என்று அழைக்கப்படும் இந்தத் திட்டம், தலைக்கு இருபது ரூபாய் கொடுத்து ஷேர் ஆட்டோவில் போன பெண்ணின் நேர மதிப்புக் கணக்கையே மாற்றுகிறது. பேருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் அவர் காத்திருப்பார், அந்த இருபது ரூபாய் வீட்டுக்குப் போகும். வராவிட்டால் மீண்டும் ஷேர் ஆட்டோதான். செயலிச் சவாரியில் யார் ஏறுவார் என்பதைப் பேருந்தின் அட்டவணைதான் பாதி தீர்மானிக்கிறது.

இவ்வளவும் சொல்ல முடிவது சில ஊர்கள் தங்கள் பதிவுகளைத் திறந்து வைத்ததால்தான். சிகாகோ எந்தப் பயணியையும் காட்டிக்கொடுக்காமல் இதைச் செய்கிறது. நேரத்தை அருகிலுள்ள பதினைந்து நிமிடத்துக்கும், கட்டணத்தை அருகிலுள்ள இரண்டரை டாலருக்கும் முழுமையாக்கி, இடத்தை வாசல் எண்ணாக இல்லாமல் வட்டாரமாக மட்டும் வெளியிடுகிறது. அந்த விவரம் கையில் இருந்ததால் அங்கே 2020 ஜனவரியில் தனிச்சவாரிக்கு 1.25 டாலர், பகிர்சவாரிக்கு 0.65 டாலர், நகர மையத்தில் வார நாள்களில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தனிச்சவாரிக்கு 3 டாலர், பகிர்சவாரிக்கு 1.25 டாலர் என்று வேறுபடுத்தி வரி போட முடிந்தது. இந்தியாவிலும் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், நிறுவனங்கள் தங்கள் தரவுகளை நாட்டுக்குள் சேமித்து, சட்டப்படி கேட்கும் மாநில அரசுக்குத் தர வேண்டும் என்றன. சென்னையில் வண்டி விட நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும்போதே, வார்டு வாரியாக, மணி வாரியாக, பகிரக் கேட்டவர் எத்தனை, பகிர முடிந்தவர் எத்தனை, வண்டி கேட்டும் கிடைக்காமல் போனவர் எத்தனை என்ற விவரங்களை மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். கடைசி எண்ணிக்கைதான் எனக்கு மிகவும் தேவைப்படுகிறது. அது எங்கே அதிகமோ அந்த வார்டுக்குத்தான் முதல் பேருந்து போக வேண்டும்.